தண்ணித் துப்பாக்கி தூரமா அடிக்கணுமா? கை பலம் வேண்டாம், கணக்குப் போதும்!



வீராம்பட்டினம் தேர், மாசி மகம், காந்தி வீதி சண்டே மார்க்கெட்... எங்க போனாலும் ஒரு பொருள் கண்ணுல படும். பச்சை, மஞ்சள், ரோஸ் கலர்ல தொங்குற தண்ணித் துப்பாக்கி! வாங்கிட்டு வந்து ரெண்டு நாள்லயே எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணுதான்: "இதை இன்னும் தூரமா அடிக்க வைக்க முடியாதா?"

முடியும். ஆனா அதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, அழுத்தத்தை ஏத்துறது. இன்னொண்ணு, இருக்கிற அழுத்தத்தை வீணாக்காம இருக்கிறது. பெரும்பாலானவங்க முதல் வழிக்குத்தான் ஓடுவாங்க. இந்தக் கட்டுரை ரெண்டாவது வழியைப் பற்றியது. அதுதான் ஏன் நல்ல வழின்னு கணக்கோட பார்ப்போம். பெருக்கல், வகுத்தல் தெரிஞ்சா போதும், பயப்படாதீங்க!

பேரே ரொம்பப் பழசு

தண்ணீரைப் பீய்ச்சி விளையாடுறது புது விஷயம் இல்லை. வையை ஆற்றில் மக்கள் புனலாடியதைப் பாடும் பரிபாடலில் "சிவிறி" என்ற சொல் வருகிறது. சிவிறி என்றால் நீரைப் பீய்ச்சும் கருவி. கிராமத்துல இதையே பீச்சாங்குழல்னு சொல்லுவாங்க. மூங்கில் குழாயோட ஒரு முனையில சின்ன ஓட்டை; இன்னொரு முனை வழியா துணி சுத்தின குச்சி. குச்சியை இழுத்தா தண்ணி உள்ளே வரும், தள்ளினா பீய்ச்சும். அவ்வளவுதான்.

கடையில விக்கிற பிளாஸ்டிக் துப்பாக்கிக்குள்ளயும் இதேதான் இருக்கு. துணி சுத்தின குச்சிக்குப் பதிலா ரப்பர் வளையம் போட்ட பிஸ்டன். விசையை அமுக்கினா பிஸ்டன் தள்ளும். விட்டா ஸ்பிரிங் பிஸ்டனைப் பின்னாடி கொண்டுவரும், அப்போ தொட்டியிலேர்ந்து தண்ணி உள்ளே ஏறும். தண்ணி தப்பான பக்கம் போகாம இருக்க ரெண்டு குட்டி வால்வு. துப்பாக்கியைப் பிரிச்சுப் பார்த்தவங்களுக்கு இது தெரியும்!

தூரத்துக்கு ஒரு சூத்திரம்

இத்தாலி நாட்டு அறிஞர் டாரிசெல்லி 17-ஆம் நூற்றாண்டில் ஒரு உண்மையைக் கண்டுபிடித்தார். ஒரு தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து h மீட்டர் கீழே ஓட்டை போட்டால், அந்த ஓட்டையிலிருந்து வரும் நீரின் வேகமும், h மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல்லின் வேகமும் ஒன்றே.

வேகம் × வேகம் = 2 × g × h (g என்பது புவியீர்ப்பு முடுக்கம், 9.8)

இந்த வேகத்தில் 45 டிகிரி சாய்வில் பீய்ச்சினால், காற்றுத் தடையே இல்லைன்னு வைத்துக்கொண்டால், நீர் போகும் அதிகபட்ச தூரம்:

தூரம் = 2 × h

எவ்வளவு சுலபம் பாருங்க! மாடியில இருக்கிற சின்டெக்ஸ் தொட்டியோட நீர்மட்டம் தோட்டத்துக் குழாயிலிருந்து 7 மீட்டர் உயரம் என்றால், அந்தக் குழாய்த் தண்ணி 14 மீட்டருக்கு மேல ஒருநாளும் போகாது. பைப்புக்குள்ள உராய்வு, வெளியே காற்றுத் தடை எல்லாம் சேர்ந்து உண்மையில அதுக்கும் ரொம்பக் கம்மியாத்தான் போகும்.

துப்பாக்கியில தொட்டி உயரம் இல்லையே? அங்க உயரத்துக்குப் பதிலா நம்ம விரல் அழுத்தம். 10 மீட்டர் உயர நீர் தர்ற அழுத்தம், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ எடை. அதனால எந்த அழுத்தத்தையும் "இத்தனை மீட்டர் தண்ணி"ன்னு மாத்திச் சொல்லிடலாம்.

இப்போ முக்கியமான விஷயம்!

ஓட்டையிலேர்ந்து கிளம்பின நீர் கிட்டத்துல எதிரே இருக்கிற ஒரு பொருள் மேல நேரா மோதினா, அது கொடுக்கிற அழுத்தம் எவ்வளவு? அதே h மீட்டர்தான்! உள்ளே நாம கொடுத்த அழுத்தம் வேகமா மாறுது. மோதும்போது அந்த வேகம் திரும்ப அழுத்தமா மாறுது.

அதாவது, தூரத்தைத் தர்ற எண்ணும் வலியைத் தர்ற எண்ணும் ஒண்ணுதான். அழுத்தத்தை 3 மடங்கு ஏத்தினா தூரம் 3 மடங்கு கூடும்னு சந்தோஷப்படுறோம். பக்கத்துல நிக்கிற தங்கச்சி கண்ணுல பட்டா அந்த அடியும் 3 மடங்குதான். மத்த இடத்துல பட்டா ஈரமாகும், கண்ணுல பட்டா காயமாகும். கண்ணுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடையாது நண்பர்களே!

அதனாலதான் சொல்றோம்: அழுத்தத்தைத் தொடாதீங்க. வீணாகுறதை நிறுத்துங்க. அதுக்கு நாலு வழி இருக்கு.

வழி 1: சாய்வு (காசு செலவே இல்லை!)

ஒரு சாதாரண துப்பாக்கி நொடிக்கு 7 மீட்டர் வேகத்துல பீய்ச்சுதுன்னு வைங்க. இது 2.5 மீட்டர் தண்ணி அழுத்தம். தரையிலேர்ந்து 1.2 மீட்டர் உயரத்துல, நம்ம நெஞ்சுக்கு நேரா பிடிச்சு அடிச்சா (காற்றுத் தடையை விட்டுட்டு) கணக்கு இப்படி வரும்:

0 டிகிரி (நேரா): 3.5 மீட்டர்
20 டிகிரி: 5.2 மீட்டர்
40 டிகிரி: 6.1 மீட்டர்
60 டிகிரி: 4.9 மீட்டர்

பார்த்தீங்களா? துப்பாக்கி அதே, விரல் அதே. 40 டிகிரி தூக்கினதுக்கே கிட்டத்தட்ட 2.5 மீட்டர் கூடுதல்! 45 இல்லாம ஏன் 40னு கேக்கலாம். தரை மட்டத்திலிருந்து அடிச்சா 45தான் சரி. நாம நெஞ்சு உயரத்திலிருந்து அடிக்கிறோம், அதனால கொஞ்சம் குறைவான கோணம் நல்லது. காற்றுத் தடையையும் சேர்த்தா இன்னும் சற்றுக் குறைக்கலாம்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்க. துப்பாக்கியைச் சாய்க்காம நேராவே அடிச்சு 6 மீட்டர் போகணும்னா வேகம் நொடிக்கு 12 மீட்டருக்கு மேல வேணும். அதுக்கு 7.5 மீட்டர் தண்ணி அழுத்தம், அதாவது 3 மடங்கு! சாய்ச்சு அடிச்சா 2.5 மீட்டர் அழுத்தமே போதும். அதோட, மேலே போய் வளைஞ்சு வர்ற தண்ணி துளித்துளியா உடைஞ்சு மழை மாதிரி தலையில விழும். கண்ணுக்கு நேரா பாயாது. தூரமும் கிடைச்சுது, ஆபத்தும் குறைஞ்சுது.

கோணம் அளக்க: ஜியாமெட்ரி பாக்ஸ்ல இருக்கிற பாகைமானியைத் தலைகீழாப் பிடிச்சு, நேர் விளிம்பு துப்பாக்கிக் குழலோட ஒட்டியிருக்கிற மாதிரி செல்லோ டேப் போடுங்க. நடுப்புள்ளியில ஒரு நூல், நூல் முனையில ரப்பர் துண்டு. துப்பாக்கி நேரா இருந்தா நூல் 90-ல தொங்கும். 40 டிகிரி தூக்கினா நூல் 50-ல (அல்லது மறுபக்க அளவுல 130-ல) நிக்கும்.

வழி 2: கசிவை அடை

விசையை அமுக்கும்போது கைப்பிடி ஈரமாகுதா? அப்போ நீங்க கொடுத்த அழுத்தத்துல ஒரு பங்கு பின்பக்கம் ஓடிப்போகுது. தொட்டி மூடியில கசிஞ்சா, பிளம்பர் அண்ணன்கள் குழாய் மரையில சுத்துவாங்களே, அந்த வெள்ளை டெஃப்லான் டேப்பை ரெண்டு சுத்து சுத்துங்க. ஹார்டுவேர் கடையில கிடைக்கும்.

பிஸ்டன் ரப்பர் வளையம் வறண்டு போயிருந்தா தேங்காய் எண்ணெய், வேஸ்லின் எல்லாம் தடவாதீங்க. சாதா ரப்பர் எண்ணெயில ஊறி உப்பிப்போகும். ஒரு சொட்டு சோப்புத் தண்ணி போதும்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒரு தனிக் குறிப்பு: பீச்சுல விளையாடும்போது கடல் தண்ணியை ரொப்பாதீங்க! உப்பு ஸ்பிரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். ஒரே ஒரு மணல் துகள் வால்வுல மாட்டினாலும் வால்வு சரியா மூடாது, பாதித் தண்ணி தொட்டிக்கே திரும்பிப் போகும். தெரியாம ரொப்பிட்டா வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணி ரொப்பி இருபது தடவை அடிச்சுக் கழுவிடுங்க.

வழி 3: ஓட்டையைச் சின்னதாக்கினா போதுமா?

"ஓட்டையைச் சின்னதாக்கு, தூரமாப் போகும்"னு எல்லாரும் சொல்லுவாங்க. பாதி உண்மை! ஓட்டையின் விட்டம் 2 மில்லிமீட்டர்னு வைங்க. அதை 1 மில்லிமீட்டர் ஆக்கினா பரப்பு பாதி ஆகாது, கால் பங்கு ஆகும். பிஸ்டன் அதே வேகத்துல நகர்ந்தா தண்ணி 4 மடங்கு வேகமா வரணும். அதுக்கு 4 × 4 = 16 மடங்கு அழுத்தம் வேணும். நம்ம விரலால முடியுமா? முடியாது. அதனால பிஸ்டன் மெதுவாத்தான் நகரும்.

இன்னொரு கெடுதலும் உண்டு. மெல்லிய நீர்த்தாரை சீக்கிரம் உடைஞ்சு குட்டிக் குட்டித் துளியாகும். துளி சின்னதாக ஆக, அதன் எடையோட ஒப்பிட்டா காற்றுத் தடை அதிகம். சலூன் கடையில தலைக்கு அடிக்கிற ஸ்பிரே பாட்டிலைப் பாருங்க. ஓட்டை ரொம்பச் சின்னது, ஆனா தண்ணி ஒரு அடி தள்ளிப் போறதுக்குள்ள புகை மாதிரி நின்னுடும். ஓட்டை ரொம்பப் பெருசானாலும் பிரச்னைதான், அழுத்தம் ஏறுறதுக்குள்ள தண்ணி கொட்டிப் போயிடும். அதனால அளவைவிட வடிவத்தைக் கவனிங்க. ஓட்டை வட்டமா, ஓரம் பிசிறு இல்லாம வழவழன்னு இருக்கணும். பிசிறு இருந்தா தாரை சாஞ்சு தெறிக்கும்.

வழி 4: தண்ணியை வரிசையில நிக்க வை!

பிரேயர் முடிஞ்சு வகுப்புக்குப் போகும்போது வரிசையா போனா சீக்கிரம் போயிடலாம். முட்டி மோதினா வாசல்லயே நிப்போம். தண்ணியும் அப்படித்தான். உள்ளே சுழன்று சுழன்று வந்த தண்ணி வெளியே வந்ததும் சிதறும். உள்ளேயே சுழற்சியை அடக்கிட்டா தாரை கண்ணாடிக் கம்பி மாதிரி உடையாம போகும். தீயணைப்பு வண்டியின் குழாய் முனை படிப்படியா ஒடுங்கி வழவழப்பா இருக்கிறதும் இதுக்குத்தான்.

செய்து பாருங்கள்:

1. தீர்ந்துபோன பால்பாயிண்ட் ரீஃபில்களைச் சேர்த்து வைங்க. நல்லாக் கழுவி 3 சென்டிமீட்டர் நீளத்துல 7 துண்டு வெட்டுங்க.
2. ஒண்ணு நடுவுல, சுத்தி ஆறு. கச்சிதமா உட்காரும் பாருங்க! நூலால கட்டுங்க.
3. இந்தக் கட்டு இறுக்கமா நிக்கிற ஒரு குழாய் (பழைய மார்க்கர் பேனாவின் உடம்பு மாதிரி) எடுத்து அதுக்குள்ள சொருகுங்க.
4. குழாயின் முன்னாடி பால்பாயிண்ட் பேனாவின் கூம்பு மூக்கை ஒட்டுங்க. அது உள்ளே அகலமா ஆரம்பிச்சு நுனியில ஒடுங்குது. நமக்கு வேண்டிய வடிவம் அதுவே!
5. குழாயின் பின்பக்கத்தைத் துப்பாக்கி முனையோடயோ, மெடிக்கல் ஷாப்பில் வாங்கின புது, ஊசி இல்லாத சிரிஞ்சோடயோ இணைங்க. பசை காய ஒரு நாள் விடுங்க.

ரீஃபில் கட்டு போட்டும் போடாமலும் அடிச்சுப் பாருங்க. வித்தியாசத்தை அளக்கவே வேண்டாம், கண்ணாலயே தெரியும்.

தெரியுமா உங்களுக்கு?

உலகப் புகழ்பெற்ற "சூப்பர் சோக்கர்" தண்ணித் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர் பொம்மை செய்பவர் அல்ல. அவர் விண்வெளிப் பொறியாளர் லானி ஜான்சன். அமெரிக்காவைச் சேர்ந்த கறுப்பினத்தவர். நாசாவின் ஆய்வகத்தில் வியாழன் கோளுக்குச் சென்ற கலிலியோ விண்கலத் திட்டத்தில் வேலை செய்தவர். 1982-ல் வீட்டில், தண்ணீரை வைத்து இயங்கும் ஒரு புதுவகைக் குளிர்விப்புக் கருவியைச் சோதித்துக்கொண்டிருந்தார். குழாய் முனையிலிருந்து தண்ணீர் குளியலறைக்குக் குறுக்கே பாய்ந்தது. "இது நல்ல விளையாட்டுப் பொருளாகுமே!" என்று தோன்றியது. கடைக்கு வந்தது 1990-ல். சூப்பர் சோக்கர் என்ற பெயர் 1991-ல் வைக்கப்பட்டது. எட்டு வருஷம் விடாமுயற்சி!

அவர் துப்பாக்கியில விரலுக்குப் பதிலா அழுத்தின காற்று தண்ணியைத் தள்ளும். இதுலயும் ஒரு கணக்கு இருக்கு. 1 லிட்டர் தொட்டியில பாதி தண்ணி, பாதி காற்று. காற்றை 3 வளிமண்டல அழுத்தத்துக்கு ஏத்துறோம். வெளியிலயும் 1 இருக்கிறதால தள்ளுற அழுத்தம் 2. தண்ணி முழுக்கத் தீரும்போது காற்று ரெண்டு மடங்கு இடத்துல பரவிடும். பாயில் விதிப்படி அழுத்தம் 1.5 ஆகும், தள்ளுறது வெறும் 0.5. அதாவது முதல் தாரை போன தூரத்துல கால் பங்குதான் கடைசித் தாரை போகும்! இதைச் சரிசெய்ய 1996-ல் வந்த ஒரு வகையில காற்றுக்குப் பதிலா ரப்பர் பை வைத்தார்கள். பலூன் மாதிரி அது சுருங்கித் தள்ளும், அழுத்தம் ஏறக்குறைய கடைசி வரை ஒரே சீரா இருக்கும். பாருங்க, அங்கேயும் வேலை வீணாவதைக் குறைப்பதில்தான்.

மதுரையில் ஒரு தீர்ப்பு

"சும்மா விளையாட்டுப் பொருளுக்கு இவ்ளோ எச்சரிக்கையா?" என்று நினைப்பவர்களுக்கு ஒரு உண்மைச் செய்தி.

மதுரைச் சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் இறங்கும்போது, சித்திரை வெயிலில் வரும் அழகரைக் குளிர்விக்கப் பக்தர்கள் தண்ணீர் பீய்ச்சுவது வழக்கம். அதற்கு ஆட்டுத் தோலில் செய்த பையும் அதன் வாயில் ஒரு சின்னக் குழலும்தான் கருவி. பையைக் கையால் அமுக்கினால் குழல் வழியே நீர் பாயும். கையின் பலம் எவ்வளவோ அவ்வளவு தூரம்தான். பின்னாளில் சிலர் இன்னும் தூரமாகப் பீய்ச்ச வேண்டும் என்று அதிக அழுத்தப் பம்புகளை இணைத்துவிட்டார்கள். விஷயம் வழக்கானது. 2024-ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அழுத்தப் பம்புகள் கூடாது, பாரம்பரியமான தோல் பையால்தான் பீய்ச்ச வேண்டும் என்று உத்தரவிட்டது.

யோசிச்சுப் பாருங்க. தோல் பைக்கும் பம்புக்கும் தண்ணி ஒண்ணுதான், பக்தியும் ஒண்ணுதான். மாறினது h மட்டும்தான். கை அமுக்குற வரைக்கும் கை வலிக்கும், நிறுத்துவோம். அது ஒரு இயற்கையான பிரேக். மோட்டாருக்குக் கை வலிக்காது.

செய்யவே கூடாதவை

* முகத்துக்கு நேரா, ரெண்டு கை தூரத்துக்குள்ள அடிக்கக் கூடாது. வண்டி ஓட்டிட்டுப் போறவங்க மேல அடிக்கவே கூடாது.
* பாட்டிலுக்குள்ள சைக்கிள் பம்பால காத்தடிக்கக் கூடாது. கண்ணாடி பாட்டில், பி.வி.சி. பைப் எல்லாம் வெடிச்சா துண்டு துண்டாத் தெறிக்கும்.
* குப்பையில, ஆஸ்பத்திரிப் பக்கம் கிடக்கிற சிரிஞ்சைத் தொடவே கூடாது. நோய் வரும்.
* சாயம், சோப்பு, பினாயில் கலந்த தண்ணி வேண்டாம்.
* கண்ணுல பட்டு வலியோ மங்கலோ இருந்தா கசக்காதீங்க. உடனே பெரியவங்ககிட்ட சொல்லி டாக்டரைப் பாருங்க. திட்டுவாங்கன்னு மறைக்காதீங்க!

தண்ணி யாருடையது?

பாரதி பூங்காவில இருக்கிற ஆயி மண்டபத்தை நாம எல்லாரும் பார்த்திருக்கோம். தன் வீட்டை இடித்து ஊருக்குக் குளம் வெட்டித் தந்த ஆயி என்ற பெண்ணின் கதையும், முத்தரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் வந்ததும் அந்த மண்டபத்தோட சேர்ந்தது. பிரான்சில் மூன்றாம் நெப்போலியன் ஆண்ட காலத்தில் கட்டினார்கள். நம்ம ஊர் இன்னிக்கும் பெரும்பாலும் நிலத்தடி நீரை நம்பித்தான் இருக்கு. கடல் பக்கத்துல இருக்கிறதால அதிகமா உறிஞ்சினா உப்புத் தண்ணி உள்ளே வரும். அதனால சோதனைக்கு ஆர்.ஓ. மெஷின்ல வெளியே போற தண்ணி, அரிசி கழுவி வடிகட்டின தண்ணி இதுல ஒண்ணை எடுங்க. முடிஞ்சதும் துப்பாக்கியை நல்ல தண்ணியில ஒருமுறை கழுவிடுங்க.

உங்களுக்கு ஒரு வேலை

ஞாயிற்றுக்கிழமை காற்று அடிக்காத நேரமா பார்த்து, தரையில சாக்பீஸால மீட்டர் கோடு போட்டு, இதை நிரப்பிக் கொண்டுவந்து இந்தச் சுவரிதழ் பக்கத்துல ஒட்டுங்க. ஒவ்வொண்ணையும் 3 தடவை அடிச்சு சராசரி எழுதணும்.

நேரா அடிச்சது: ...... மீட்டர்
40 டிகிரி: ...... மீட்டர்
40 டிகிரி + கசிவு அடைச்சது: ...... மீட்டர்
40 டிகிரி + கசிவு அடைச்சது + ரீஃபில் கட்டு: ...... மீட்டர்

மூளைக்கு வேலை: தண்ணி 45 டிகிரியில 8 மீட்டர் தூரம் போகணும்னா குறைந்தது எத்தனை மீட்டர் தண்ணி அழுத்தம் வேணும்? (காற்றுத் தடை இல்லை, தரை மட்டத்திலிருந்து அடிப்பதாக வைத்துக்கொள்க.) விடை அடுத்த இதழில்!

யார் துப்பாக்கி ரொம்பத் தூரம் அடிக்குதுங்கிறது போட்டி இல்லை. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் யார் அதிக வித்தியாசம் காட்டுறாங்களோ அவங்கதான் ஜெயிச்சவங்க. ஏன்னா அவங்கதான் அழுத்தத்தை ஏத்தாம தூரத்தை ஏத்தினவங்க!

அறிவியல் மன்றம்,
9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு